குமுதினி சம்பாதித்த பெயர்

இறந்துபோன மாமியாரின் வாயில் வைக்கத் துளசி பறிக்கப் போன மிருணாளைக் கதவருகிலேயே மடக்கிக் கட்டிக்கொண்டாள் மூன்றாம் மாடி நிர்மலா மாமி. முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு காதோரம் வாயைக் கொண்டுவந்து கிசுகிசுத்தாள்.

“போனது போகட்டும். இனிமேலாவது வயிறாரச் சாப்பிடு.”

மிருணாளின் எடை எண்பது கிலோ. அது இந்தக் கட்டடத்தில் யார் கண்ணிலும் பட்டதில்லை.

கூடத்தில் குமுதினி தேவியைக் கிடத்தியிருந்தார்கள். ஹிந்திப் படங்களில் காலமெல்லாம் மாமியாராகவே இருந்தவர். பாலில் விஷம் கலந்தவர். கர்ப்பிணி மருமகளை மாடிப்படியில் உருட்டிவிட்டவர். ஒரு படத்தில் இரண்டு மருமகள்களைத் தீர்த்துக்கட்டிவிட்டு, முகத்தில் பவுடர் பூசிக்கொண்டு மூன்றாவதற்குப் பெண் பார்க்கக் கிளம்புவார். அந்தக் காட்சிக்குத் திரையில் செருப்பு விழாத தியேட்டரே பம்பாயில் இல்லை என்பார்கள். இப்போது மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் படுத்திருந்தார்.

காலையில் மிருணாள் இஞ்சி தட்டிப் போட்ட டீயைக் கொண்டுபோய் வைத்து மாமியாரை “ஆயி” என்று கூப்பிட்டாள். இன்னொரு முறை கூப்பிட்டாள். பிறகு கத்தினாள். தூக்கத்திலேயே போயிருக்கிறார் என்று டாக்டர் சொன்னார்.

குமுதினி தன் மகன் ஹேமந்துக்கு அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனபோது, மிருணாளின் அப்பா ஒரு வாரம் தூங்கவில்லை. கல்யாணமான புதிதில் மகளைப் பார்க்க வந்த அம்மா நேரே சமையலறைக்குள் போய் மண்ணெண்ணெய் டின்னைத் தேடினாள். தெருமுனையில் காய்கறி விற்கும் ராம்சுமேர், எடை போட்டதற்கு மேல் ஒரு கட்டுக் கொத்தமல்லியும் வாழைப்பழமும் வைப்பான். “பழத்த இங்கயே தின்னுடுங்க தீதி. மேல எடுத்துட்டுப் போனா அந்த அம்மா புடுங்கிக்கும்.”

மிருணாள் ஆரம்பத்தில் மறுத்துப் பார்த்தாள். “எங்க ஆயி அப்படியெல்லாம் இல்ல.” கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். பாவம், பயத்தில் சொல்கிறாள்.

வீட்டுக்கு வந்து அவள் குமுறினால் ஆயி கொத்தமல்லியை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரிப்பார். “குடுத்தா வாங்கிக்கோடி. நான் பாடுபட்டு சம்பாதிச்ச பேரு. நாளைக்குத் தேங்கா குடுக்கறானா பாரு.”

அந்தப் பேருக்கு வீட்டிலிருந்தே உரம் போய்க்கொண்டிருந்தது. வசனத் தாள் வந்துவிட்டால் சமையலறையில்தான் ஒத்திகை. மாமியார் வசனம் ஆயிக்கு, மருமகள் வசனம் மிருணாளுக்கு.

“ஐயோ என்னைக் கொல்லாதீங்க. என் வயித்துல உங்க பேரன் இருக்கான்,” என்று மிருணாள் மளிகைச் சாமான் பட்டியலைப் படிப்பதுபோல் படிப்பாள்.

“சாகப்போறவ பேசற மாதிரியா இருக்கு? கத்துடி! கீழ் வீட்டுக்குக் கேக்கணும்!”

கேட்டது. ஒருநாள் போலீஸ்காரர் ஒருவர் படியேறி வந்தார். கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஒல்லியான ஆயி வெங்காயம் நறுக்கிக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எதிரே மிருணாள் கரண்டியை ஓங்கியபடி நின்றாள். போலீஸ்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “மாமியார் மருமகளக் கொல்றாங்கன்னுதான் சொன்னாங்க... மாத்தி சொல்லிட்டாங்களோ?”

ஆயி கண்ணைத் துடைத்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தார். தியேட்டரில் பார்த்த பார்வை. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து இறங்கிப்போனார். ஆயிக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷம் தாங்கவில்லை. அதே ஆயி, வேலைக்காரி தாமதமாக வந்தால் அறைக்குள் போய்விடுவார். “நீயே கேளு மிருணாள். எனக்கு யாரையும் திட்ட வராது.”

பத்திரிகைக்காரன் ஒருவன் ஒருமுறை பேட்டிக்கு வந்தான். திரையில் ராட்சசி, வீட்டில் தேவதை என்று தலைப்புப் போடப்போவதாகச் சொன்னான். ஆயி டீகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார். அப்படிக் கோபப்பட்டு மிருணாள் பார்த்ததே இல்லை.

“வில்லி செத்த மறுநாளே எல்லாரும் இதையேதான்டி சொல்றாங்க. நெஜத்துல தங்கம், நெஜத்துல பசு. அப்போ நான் பண்ணினது என்ன? பொம்பளைங்க என்னைப் பாத்து நெஜமா பயந்தாங்க. ஹீரோயினப் பாத்து எவளாவது பயந்தாளா? நான் செத்தா எவனாவது நல்லவங்கன்னு வாயத் தெறந்தான், அந்த வாயில மண்ணப் போடு.”

மத்தியானம் ஆகியும் சாவு வீட்டில் ஆள் சேரவில்லை. சினிமாவிலிருந்து பழைய மேக்கப்காரர் தின்ஷா மட்டும் வந்து, சுவரோரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நடிகர்கள் சங்கத்திலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. அதில் பெயரைத் தப்பாக ‘குமுத்பென்’ என்று எழுதியிருந்தது. ஹேமந்த் பால்கனிக்குப் போவதும் வருவதுமாக இருந்தான்.

“தூக்கறதுக்கே நாலு பேர் தேறாது போலிருக்கே,” என்றான்.

அப்போதுதான் டிவிக்காரர்கள் வந்தார்கள். பக்கத்துத் தெருவுக்கு வரவேண்டிய மந்திரி வரவில்லையாம், கையில் கேமரா சும்மா இருந்ததாம். நிருபர் பையன் மைக்கை ஹேமந்தின் மோவாய்க்குக் கீழே நீட்டினான்.

“சார், நிஜ வாழ்க்கையில அம்மா எப்படி?”

“அம்மா ரொம்ப சாது. ஒரு எறும்புக்குக்கூட...”

“எறும்பா?” என்ற குரல் கேட்டு எல்லாரும் திரும்பினார்கள்.

மிருணாள் முந்தானையை இழுத்துச் செருகியபடி வந்து கணவனை இடித்துத் தள்ளிவிட்டு நின்றாள். “என்னைக் கேளுங்க. இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவ நான்.”

பையனின் முகம் மலர்ந்தது. “சொல்லுங்க மேடம். கொடுமைப்படுத்தினாங்களா?”

“அவங்க செருப்புச் சத்தம் கேட்டாலே என் கையில இருக்கற பாத்திரம் ஆடும்.”

“அடிப்பாங்களா?”

மிருணாள் ஒருமுறை ஆயியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “கரண்டியால.”

“படத்துல வர மாதிரியா?”

“படத்துல பாதிதான் காட்டினாங்க. மீதியக் காட்டினா சென்சார்ல விடமாட்டாங்க.”

தின்ஷா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. பையன் குரலைத் தாழ்த்தினான்.

“கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?”

இதற்கு அவளிடம் வசனம் இல்லை.

“காலைல டீல இஞ்சி தட்டிப் போடச் சொன்னாங்க,” என்றாள்.

சொன்னதும் அழுகை வெடித்தது. கீழ் வீட்டுக்குக் கேட்டது. அதற்குக் கீழேயும் கேட்டிருக்கும்.

“விடாத, க்ளோஸ்ல போ,” என்றான் பையன், கேமராக்காரனிடம்.

ஹேமந்த் அவளைச் சமையலறைக்குள் இழுத்துப்போனான். “உனக்குப் புத்தி பேதலிச்சுடுச்சா? புனேல சித்தப்பா வீட்டுல எல்லாரும் பாத்துட்டிருப்பாங்க. செத்துக் கெடக்கறவளப் போயி...”

“ஆயிய யாராவது சாதுன்னா அவங்க சும்மா விடுவாங்களா?”

ஹேமந்த் யோசித்தான். “மாட்டா,” என்றான். காஸ் சிலிண்டர் மேல் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். மிருணாள் அவன் தலையில் கை வைத்தபடி நின்றாள்.

கீழ் வீட்டு டிவி அலறியது. கொடுமைக்கார மாமியார் காலமானார், மருமகள் கதறல். அதில் அரை மணிக்கொரு முறை மிருணாள் அழுதாள். இடையிடையே ஆயி யாரையாவது படியில் உருட்டிவிட்டார்.

முதலில் எதிர்க் கட்டடத்துப் பெண்கள் வந்தார்கள். பிறகு பின்சந்து. பிறகு மார்க்கெட். பாடையைக் கீழே இறக்கும்போது அந்தத் தாதர் சந்தில் சைக்கிள்கூடப் போக வழியில்லை. தூக்குகிறேன் என்று வந்தவர்களை விலக்கத் தனியாக ஆள் வேண்டியிருந்தது. தின்ஷா முன்கொம்பை யாருக்கும் விட்டுத்தரவில்லை.

மிருணாள் கட்டடத்தின் கேட் அருகே நின்றுகொண்டாள். சவ வண்டி சந்தின் முனையில் நின்றது. அதுவரை பாடை தோள்களின் மேல் மெல்ல நகர்ந்தது. இருபுறமும் பெண்கள் விரல்களை மடக்கிச் சொடுக்கிச் சபித்தார்கள்.

“பாவி, எத்தன பொண்ணுங்க வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்ட!”

“பெத்தவங்க எப்படித் துடிச்சிருப்பாங்க!”

திட்டிக்கொண்டே மூக்கைச் சிந்தினார்கள்.

எல்லாரையும்விட உரக்கத் திட்டியவள் ஒரு மீன்காரி. இடுப்பில் காலிக் கூடை. படத்தில் மூன்றாவது மருமகளுக்கு ஆயி செய்ததை, அந்த மருமகளின் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வழி அடைத்துக்கொண்டதால் பாடை அவள் எதிரில் வந்து நின்றது. துணி விலகி, ஆயியின் ஒரு கால் வெளியே தெரிந்தது.

மீன்காரி கூடையைக் கீழே வைத்தாள். கையைப் புடவையில் இரண்டு பக்கமும் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு, திட்டுவதை நிறுத்தாமலேயே, அந்தக் காலை உள்ளே எடுத்து வைத்துத் துணியை இழுத்துச் செருகினாள்.