ஒன்பதும் பத்தும்

எட்டு வரை சொல்லியாயிற்று. அடுத்தது இவர் முறை. என் வீட்டுக்காரர் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். முழங்கையால் ஒரு இடி இடித்தேன்.

"ஒம்பது" என்றார்.

"பத்து" என்றேன். பின்னாலிருந்த பல் டாக்டர் "பதினொண்ணு" என்றதும்தான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

எங்கள் நடைக் குழுவுக்குத் தலைவர் ஓய்வுபெற்ற கண்டக்டர். முப்பது வருஷம் பஸ்ஸில் தலை எண்ணிய மனுஷன் சும்மா இருப்பாரா? ஆற்றோரப் பாதையில் ஒவ்வொரு பாலத்தடியிலும் நிறுத்தி, அவரவர் எண்ணைச் சொல்லச் சொல்வார். குழுவில் சேர்ந்த நாளில் கொடுத்த எண், மாறவே மாறாது. போன வாரம் போன் செய்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. பாதி தூரம் ஆத்தோரம் தடுப்புக் கம்பியே கிடையாது. அவர் நம்பரை அவரே சொல்ற வரைக்கும் வரட்டும். அதுக்கப்புறம் வேணாம்."

சொன்னது நியாயம்தான், அதனாலேயே பற்றிக்கொண்டு வந்தது. வாரத்தில் ஆறு நாள் இரண்டு அறைக்குள் இவரோடு கிடக்கிறேன். விற்று நாலு வருஷமான கண்ணாடிக் கடையின் சாவியைத் தேடித் தலையணை உறையைக்கூடக் கழற்றுகிறார். இந்த ஒரு நாள்தான் நான் நாலு பேர் முகத்தைப் பார்ப்பது, வாய்விட்டுச் சிரிப்பது. அதையும் பிடுங்கிக்கொண்டால் நான் எங்கே போவேன்? காலையில் இவருக்கு ஷூ கயிறு கட்டும்போதே ஒன்பது, ஒன்பது என்று பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோலச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

இரண்டாவது பாலத்தில் தானாகவே சொல்லிவிட்டார். மூன்றாவது பாலத்துக்கு வரும்போது தூறல் பிடித்துக்கொண்டது. தூணில் ஒரு பழைய மெத்தை சிக்கி, தண்ணீரில் ஊறிக் கிடந்தது. இவர் என் கையைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தையற்காரம்மா "எட்டு" என்றாள். இவர் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு நொடியை என்னால் தாங்க முடியவில்லை.

"ஒம்பது" என்றேன் நான்.

அடுத்த எண் வரவில்லை. கண்டக்டர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"பத்து யாரு?"

அப்போதுதான் இவர் பேசினார். கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே தெளிவான குரல்.

"பத்து எங்க வீட்டம்மா. பின்னாடி வந்துட்டிருக்கா. அவளுக்கு முட்டி வலி, வேகமா நடக்க மாட்டா. கொஞ்சம் நில்லுங்க சார். அவளை விட்டுட்டுப் போயிடாதீங்க."

கண்டக்டர் என்னைப் பார்த்தார், பிறகு காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். யாரும் அசையவில்லை. இவர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். பாவம், அவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன்.

ஈரப் பாதையின் கோடியில், குடை பிடித்தபடி யாரோ ஒருத்தி மெதுவாக வந்துகொண்டிருந்தாள்.

"அதோ" என்றவர், என் கையை உதறிவிட்டு, அவளைப் பார்த்துக் கையாட்டினார்.