மொப்பானே என்னும் நோயாளி

செதுன்யா மொகோசி எவருடன் பேசினாலும் கண்களை மட்டுமே பார்த்துப் பேசுவாள். கழுத்துக்குக் கீழே பார்வையை இறக்கமாட்டாள். உண்ண மறுக்கும் பெண்களுக்கு மனநல ஆலோசனை கூறும் தொழிலால் ஏற்பட்ட பழக்கம் அது. "நல்லா சதை போட்டிருக்கியே!" என்பதையே வாழ்த்தாகச் சொல்லும் கபொரோனே நகரத்தில், அவ்வாழ்த்தே அவளிடம் வருவோர்க்கு நஞ்சாயிருந்தது. ஆதலின், அத்தொழில் செய்வோர் மாதந்தோறும் கூடும் வட்டத்தைத் தொடங்கியபொழுதே, ஒருவர் உடலைப் பற்றியோ தட்டைப் பற்றியோ மற்றவர் பேசலாகாது என்று விதி செய்தாள். நோயாளியரையும், அடையாளம் வெளிப்படாதிருக்க, அங்கு மரப்பெயராலேயே குறிப்பர்.

அக்டோபர்க் கூட்டத்தன்று மேகம் கறுத்துத் திரண்டிருந்தது. ஒரு துளியும் விழவில்லை. அறை உலையாய்க் கொதித்தது. லொபாட்சேயிலிருந்து தனியே காரோட்டி வந்த ஆலோசகி தெபாட்சோ மட்டும் கம்பளிச் சட்டையைக் கழற்றவில்லை. செதுன்யா பொரித்துக் கொண்டுவந்த மக்வின்யா என்னும் மாவுருண்டைகள் ஆளுக்கிரண்டாய்க் கைமாறின.

"என் நோயாளி பேரு மொப்பானே," என்று தெபாட்சோ தொடங்கினாள். "ஊருக்கெல்லாம் சமைச்சுப் போடுவா. தன் பங்கை மட்டும் திங்காம, பிச்சுப் பிச்சுக் காகிதத்துல மடிச்சு, நாய்க்குன்னு எடுத்துக்கிட்டுப் போவா."

"கொடுத்து வச்ச நாய்!" என்றாள் மூத்த செவிலி ம்மா பூலே. "எங்க நாய்க்கு எலும்புகூட மிஞ்சறதில்ல. என் வீட்டுக்காரர் விட்டாத்தானே!"

அனைவரும் சிரித்தனர். தெபாட்சோவும் சிரித்தாள்.

"மயக்கம் வருதா அவளுக்கு?" என்று ம்மா பூலே கேட்டாள்.

"எழுந்து நின்னா வருது, ம்மா. நெஞ்சு சில நேரம் ஒரு துடிப்பு விட்டுத் துடிக்குது."

ம்மா பூலேயின் சிரிப்பு அடங்கிற்று. "அப்ப அவ இன்னிக்கே ஆஸ்பத்திரியில இருக்கணும். இல்லேன்னா தூக்கத்துலயே போயிடுவா."

"சொல்லிப் பார்த்தாச்சு. கேக்கமாட்டேங்கறா."

தேநீர்க் கோப்பையை நீட்டக் குனிந்தபொழுது, செதுன்யாவின் பார்வை தன்னையறியாது இறங்கிவிட்டது. தெபாட்சோவின் மடியில் எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம் ஒன்று இருந்தது. அடுக்குமாடியில் தனித்து வாழும் அவளிடம் நாய் கிடையாது.

செதுன்யா சுற்றிலும் நோக்கினாள். ஒருத்தி கூரையைப் பார்த்திருந்தாள், ஒருத்தி சன்னலை. ம்மா பூலே தன் கோப்பைக்குள்ளேயே முகத்தைப் புதைத்திருந்தாள். எல்லாரும் விதியைக் காத்துக்கொண்டிருந்தனர். வேலியே பயிரை மேய்ந்துகொண்டிருந்தது.

"வரேன். இருட்டறதுக்குள்ள ஊர் போய்ச் சேரணும்," என்று தெபாட்சோ எழுந்தாள். எழுந்தவள் கதவுநிலையை இறுகப் பற்றிக்கொண்டாள். கையிலிருந்த கார்ச்சாவி கலகலத்தது. எங்கோ இடி உருண்டது.

சொன்னால் அவள் இனி இவ்வட்டத்தின் பக்கமே வரமாட்டாள். சொல்லாவிட்டால், வர இயலாமலே போகலாம்.

செதுன்யா கையை நீட்டினாள்.

"சாவியைக் குடு, தெபாட்சோ. உன் மடியில இருந்ததைப் பார்த்துட்டேன். மொப்பானேயை ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."