ஜோடி

அன்று காலை ஆமை தலைக்குக் குளித்திருந்தாள். விடுதியில் அவளுக்கு அந்தப் பெயர் வைத்தவள் நான்தான். போர்வைக்குள்ளிருந்து லேசில் தலையை நீட்டமாட்டாள். மழைக்காலம் முழுக்க அப்படியே கிடந்ததில் அது கேலிப்பெயராக இல்லாமல் போனது. நான் சாப்பாடு கொண்டுவந்து ஊட்டாத குறை. இன்றோ படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கமில்லை. தன் வரைபலகையைக்கூடப் பக்கத்து அறைக்காரிக்குக் கொடுத்துவிட்டாள்.

"அப்பாடா, தேறிட்டா உன் ஃப்ரெண்டு" என்றாள் பக்கத்து அறைக்காரி, பலகையை அணைத்தபடி.



என் அண்ணனும் கடைசி நாளில் தேறித்தான் இருந்தான். மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துக் கிடந்தவன் எழுந்து, வீட்டில் எல்லோருடைய செருப்புகளையும் துடைத்து ஜோடி ஜோடியாக வாசலில் அடுக்கினான். "எம்புள்ள திரும்பி வந்துட்டான்" என்று அம்மா பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னாள். மறுநாள் அவன் இல்லை. அந்த வரிசையைக் கலைக்க எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை.

ஆமை கண்ணாடி முன் தலைவாரிக்கொண்டிருந்தாள். நான் அவள் அலமாரியை நோட்டம் விட்டேன்.

"என்ன போலீஸ்காரம்மா, சோதனையா?"

"பலகைய ஏன்டி குடுத்த?"

"அவளோடது உடைஞ்சிருச்சு. ஏன்டி, குளிக்கலன்னா நாறுதுங்கற. குளிச்சா குறுகுறுன்னு பாக்கற. நான் என்னதான் பண்றது?"

சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை. சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"செத்துப்போகணும்னு நெனைக்கிறியா?"

சீப்பு பாதி முடியில் நின்றது.

"நேத்து வரைக்கும் நெனச்சேன்."

"இன்னைக்கு?"

"இன்னைக்குத் தலை அரிச்சுது, குளிச்சேன். அவ்ளோதான்டி எனக்கே தெரியும்."

"கெளம்பு. டாக்டர்கிட்ட போறோம். நேத்து நெனச்சதையும் அவங்ககிட்ட சொல்ற."

"சொல்றேன் தாயே. நீ வெளிய இருப்பல்ல?"

"நகரமாட்டேன்."

மனநல மருத்துவரின் அறைக்கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. உள்ளே அவள் குரல் கேட்டது, சொற்கள் பிடிபடவில்லை. கதவோரம் கழற்றிவிட்டிருந்த செருப்புகளைக் குனிந்து பார்த்தேன். ஊக்கு குத்தி ஒப்பேற்றிக்கொண்டிருந்த அவளுடைய செருப்பு வாரில் புதுத் தையல். நடக்க நினைப்பவள்தானே தைப்பாள் என்று மூச்சுவிட்டேன். பிறகுதான் கவனித்தேன். நான் மூலைக்கொன்றாக உதறிவிட்ட என் செருப்புகளையும் எடுத்து, தன்னுடையவற்றின் பக்கத்தில் நேராக ஜோடி சேர்த்து வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

உள்ளே குரல் நின்றது. மறுபடி தொடங்கியது.

நான் காலை நீட்டி, அந்த வரிசையைக் கலைத்துவிட்டேன்.