மோர் வழிந்த பக்கம்

ஞாயிற்றுக்கிழமை. கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. செபமாலையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அவளோடு மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டுக் கடைப்பக்கம் தங்கிவிட்ட அவள் புருஷன் சுவக்கீன், லயத்து வரிசை வீடுகளின் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை இழுத்து இழுத்து வந்தான். ஏதோ சொன்னான், பேச்சு குழறியது.

வண்டிப்பெரியாருக்கு மேலே அந்தத் தேயிலை எஸ்டேட்டில் சுவக்கீனின் குடியை அறியாதவர் இல்லை. போன தவக்காலத்தில் குருசைத் தொட்டுச் சத்தியம் செய்து குடியை விட்டிருந்தான். அவளும் நாலுபேர் முன்னால் தலைநிமிர்ந்து பேசப் பழகியிருந்தாள். அதனாலேயே கோபம் பொங்கியது.

"பூச கேட்ட கையோட போய் ஊத்திட்டு வந்தாச்சாக்கும்? நம்புன நாந்தான் கிறுக்கி!"

அவன் வாசற்படியிலேயே சரிந்தான். பக்கத்து வீட்டு மாரித்தாய் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "என்ன மதினி, அண்ணன் நோன்ப முறிச்சிட்டாரா? இந்தாங்க மோரு. ஊத்துங்க, தெளிஞ்சிரும்."

"தெளியவே வேண்டாம், கெடக்கட்டும்." செபமாலை உள்ளே போய்க் குழம்பை இறக்கினாள், சோற்றை வடித்தாள். வெளியே பொன்னான நேரம் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியாது.

கடைசியில் மனசு கேட்காமல் மோரோடு வந்தாள். ஊற்றிய மோர் உள்ளே இறங்காமல் வலது கடைவாய் வழியே வழிந்தது. துடைக்கக் குனிந்தவளுக்குச் சாராய வாடை அடிக்கவில்லை. கோயில் சாம்பிராணிதான் மணத்தது.

"என்னங்க... சிலுவ போடுங்க பாப்போம்."

நெற்றிக்குப் போகவேண்டிய வலது கை மடியிலேயே கிடந்தது. அவன் அதையே பார்த்தான். கண்ணில் நீர் கட்டியது.

"எஸ்டேட் டிஸ்பென்சரிக்குத் தூக்குவோமா?" என்றாள் மாரித்தாய். அதற்குள் செபமாலை 108 ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தாள். மலையாளமும் தமிழும் கலந்து போனில் ஒரு பெண் பேசினாள்: "வாயில ஒண்ணும் குடுக்காதீங்க. கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?"

"பூச முடியும்போது. பாட்டுக்கூடப் பாடுனாரு. டிஸ்பென்சரிக்குத் தூக்கட்டுமா?"

"டிஸ்பென்சரி வேண்டாம். தலைய ஸ்கேன் எடுக்கிற பெரிய ஆசுபத்திரிக்கே நேரா போகணும். வண்டி வருது. அங்க முன்னாடியே சொல்லி வைக்கிறோம்."

சொன்னபடியே ஆசுபத்திரி வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். சீட்டு எழுத நிறுத்தாமல் நேரே ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் போடும் நேரம் இன்னும் கடந்துவிடவில்லை, போட்டார்கள். இன்னும் பிந்தியிருந்தால் போட்டிருக்க முடியாது என்றார் டாக்டர்.

சில நாள் கழித்துச் சுவக்கீன் தன் காலால் நடந்து வீட்டுக்குள் வந்தான். பேச்சும் மெல்ல வந்தது. வலது கை விரல்கள் மட்டும் சட்டைப் பொத்தானைப் போட மறுத்தன. செபமாலைதான் போட்டுவிட்டாள். பார்க்க வந்த மாரித்தாய் தலையில் கைவைத்துக்கொண்டாள். "பாவம், குடிக்காத மனுசனப் போயி..."

சுவக்கீன் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னான்: "குடிச்சிருந்தா... கெடக்க விடலாமாக்கும்? குடிகாரனுக்கும்... இது வரும்லா?"

செபமாலை கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்தாள்.

"நல்லா இருந்தவங்களுக்குத் திடீர்னு வாய் கோணுனா, கை விழுந்தா, பேச்சு குழறுனா, ஏன் எதுக்குன்னு நம்ம தீர்ப்புச் சொல்ல வேண்டாம் மாரித்தாயி. மொதல்ல ஸ்கேன் இருக்க எடத்துக்கு ஓடணும். ஏசுறத அப்புறமா ஏசிக்கலாம். ஏசுறதுக்கும் ஆளு இருக்கணும்லா."