எதிர்ப்பக்கத்துக் கவிதை

பப்பாளி மரத்தில் உட்கார்ந்திருந்த இருவாச்சியைப் பிஸ்கட் டின்னைத் தட்டி விரட்டிவிட்டு, பரமேஸ்வரன் பின்வாசல் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கிள்ளானில் இவர் இருக்கும் தாமான் குடியிருப்புக்கு இப்போதெல்லாம் இந்தப் பறவைகள் மாமியார் வீட்டுக்கு வருவதுபோல உரிமையோடு வருகின்றன. பழுத்ததாகப் பார்த்துத் தின்றுவிட்டுப் போகின்றன. அவருக்குப் பறவை, மரம், பச்சை எதுவும் ஆகாது. கொல்லையில் பப்பாளி நிற்பதே மனைவி குமுதாவின் பிடிவாதத்தால்தான்.

செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் கைப்பேசியைத் திறந்தார். முன்னாள் படைவீரர்களின் கவிதைகளைத் தொகுக்கும் ஆசிரியை புனிதா, அச்சுக்குப் போகவிருக்கும் பக்கங்களை அனுப்பியிருந்தாள். பன்னிரண்டாம் பக்கத்தில் அவருடைய கவிதை. எழுபது வயதில் முதன்முதலாகத் தன் பெயரை அச்சில் பார்க்கிறார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

காடே, பச்சை உடுத்திய கொலைகாரி,
இலையால் மூடிக் குண்டை வைத்தாய்.
என் காலை எங்கே வைத்திருக்கிறாய்?

நன்றாகத்தான் இருந்தது. அந்தத் திருப்தியோடு எதிர்ப்பக்கத்துக்கு வந்தார். அது தம்புசாமியின் கவிதை. ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்து, ஒரே பிரிவில் கெரில்லாக்களைத் தேடி எல்லைக் காட்டில் ரோந்து போனவர்கள் இருவரும். வருஷத்துக்கு நாலு முறை சந்தித்து, நாலு முறையும் சண்டை போட்டுக்கொள்ளும் சிநேகிதம்.

அன்று காட்டில் ஒரு வீடு விழுந்தது.
வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டு
இருவாச்சிப் பெண் உள்ளே இருந்தாள்.
பழத்தோடு வந்தவன்
வீட்டைத் தேடிச் சுற்றிச் சுற்றிப் பறந்தான்.
காடே, மன்னித்துவிடு.

கீழே தேதி போட்டிருந்தது. 14 ஜூன் 1976.

பரமேஸ்வரனின் கால் போன நாள் அது. கண்ணிவெடியை மிதித்து அவர் ரத்தத்தில் கிடந்த நாளில், கூட இருந்தவன் பறவைக்காக அழுதிருக்கிறான். காடு அல்லவா மன்னிப்புக் கேட்க வேண்டும்? இவன் போய்க் காட்டிடம் கேட்கிறான்! உடனே புனிதாவை அழைத்தார்.

"அவன் கவிதைய எடுத்துடும்மா. இல்லன்னா என்னோடத எடுத்துடு."

"அங்கிள், இன்னிக்கு நாலு மணிக்குப் பிரிண்டிங் போவுதுலா. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு எனக்குச் சொல்லுங்க."

"பேச என்னா இருக்கு?" என்றாரே தவிர, காலை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பசியாறிட்டுப் போங்க என்று குமுதா கத்தியது காதில் விழவில்லை. கொம்யூட்டர் ரயிலில் ஷா ஆலம் தாண்டும்வரை திட்ட வேண்டிய வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே வந்தார். அதற்கப்புறம் பயம் வந்தது. ஐம்பது வருஷப் பழக்கம் இன்றோடு முடிந்துவிடும். தம்புசாமியை விட்டால் அந்தக் காட்டைப் பற்றிப் பேச உலகத்தில் அவருக்கு ஒருவரும் இல்லை. ஆனாலும் கேட்காமல் விட முடியாது.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் மின்தூக்கி வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்ற நண்பனைப் பார்த்ததும் தம்புசாமி பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"என்னாடா பரமே, போன் பண்ணக்கூடாது? நான் வந்திருப்பேன்ல?"

பரமேஸ்வரன் கைப்பேசியை நீட்டினார். "அந்தத் தேதில ஒனக்குப் பறவதான் ஞாபகம் வந்துச்சா? நான் ஒருத்தன் செத்துக்கிட்டுக் கெடந்தது தெரியலியா?"

தம்புசாமி கவிதையைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"அன்னிக்கு ஹெலிகாப்டர் எப்படிடா எறங்குச்சு?" என்றார் தம்புசாமி. "என்னிக்காச்சும் யோசிச்சியா?"

யோசித்ததில்லை. ஊசி போட்டதும் மயங்கியவர் ஆஸ்பத்திரியில்தான் கண் விழித்தார். ஹெலிகாப்டர் வந்தது, தூக்கிக்கொண்டு போனது என்று பிறகு சொன்னார்கள். அவ்வளவுதான். வானமே தெரியாத அந்தக் காட்டில் அது எங்கே இறங்கும் என்று ரோந்து போன அவருக்கே இத்தனை வருஷமாகத் தோன்றவில்லை.

"மூணு மணி நேரம் மரம் வெட்டுனோம். எல்லாஞ் சாஞ்சிருச்சு, ஒரு பெரிய மரந்தான் பாக்கி. அதுல எங்காங் கூடு, இருவாச்சிடா. சின்ன ஓட்டைல பொட்டையோட மூக்கு மட்டும் தெரியுது. ஆம்பள பழத்தக் கொண்டாந்து ஊட்டிட்டுப் போவுது. சார்ஜன் சொன்னாரு, இது சாயலன்னா எறங்க முடியாதுன்னு. கோடாலி என் கையிலதான் இருந்துச்சு."

"குஞ்சு இருந்துச்சா?"

"கேக்காதடா."

கீழே சாலையில் யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள். பரமேஸ்வரன் தன் முட்டியைப் பிடித்துக்கொண்டார். இல்லாத பாதம் வலித்தது. காட்டிடம் பாக்கி இருப்பதாக இத்தனை நாள் அவர் சண்டை போட்டுக்கொண்டிருந்த கால் அது.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொந்தக் காலுக்கே இத்தன வருஷமா அழுவுற ஆளு நீ. பறவைக்கும் சேத்து அழுவ வைக்கணுமா?" தம்புசாமி சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "இன்னொரு தடவ கேட்டாலும் வெட்டுவேன் பரமே. அதனாலதான்டா மன்னிப்புக் கேக்குறேன்."

பரமேஸ்வரன் அழுதார். தம்புசாமி பார்க்காத மாதிரி எழுந்துபோய்த் தேத்தண்ணி கலக்கினார். நண்பனுக்குச் சீனி ஆகாது என்று தெரிந்தும் இரண்டு கரண்டி போட்டார். அதைக் குடித்துக்கொண்டே வழக்கம்போலக் கொஞ்சம் சண்டையும் போட்டுக்கொண்டார்கள். கொலைகாரி என்று காட்டைத் திட்டியது அநியாயம் என்றார் தம்புசாமி. ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன் என்றார் பரமேஸ்வரன்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது புனிதா அழைத்தாள்.

"ரெண்டும் இருக்கட்டும்மா," என்றார் பரமேஸ்வரன். "அப்பிடியே எதிரும் புதிருமா இருக்கட்டும். ஒன்னு மட்டும் செய்யி. என் கவிதைக்குக் கீழயும் அதே தேதியப் போட்டுடு."

எதிரே உட்கார்ந்திருந்த தம்புசாமி கோப்பையை மேசைமேல் மெதுவாக வைத்தார்.

வீடு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. காலையில் விரட்டிய இருவாச்சி பப்பாளி மரத்தில் மறுபடியும் உட்கார்ந்திருந்தது. குமுதா பிஸ்கட் டின்னை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கி, சத்தம் வராமல் தரையில் வைத்தார். பறவை பழத்தைக் குத்தி ஒரு துண்டை எடுத்தது. ஆனால் தின்னவில்லை. அலகின் நுனியில் பிடித்தபடியே பறந்துபோய், மதில்மேல் காத்திருந்த இன்னொன்றின் பக்கத்தில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டியது.