தானாக விலகியவன்

பொழுது வெளுக்கும் முன்பே கரமனை ஆற்றோரத்து ஸ்டீம் லாண்டரி கொதிக்கத் தொடங்கிவிடும். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைச் செண்பகவல்லியும் மீராவும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, ஈரத்தோடு, காயவைத்துத் தேய்க்கும் சுடு உருளைக்குள் செலுத்துவார்கள். சோடாவும் பினாயிலும் கலந்த ஆவி கண்ணைக் கரிக்கும். விரல் நுனியில் தோல் ஆறுவதேயில்லை.

செண்பகவல்லியின் கணவன் சொரிமுத்து அங்கே பாய்லர் பார்த்தவன். கல்யாணமான கையோடு நாகர்கோவில் பக்கமிருந்து இருவரும் மலையாள நாட்டுக்கு வந்து சேர்ந்த இடம் அது. ஆடியில் கேஸ் பாய்லர் இறங்கியது. இனி விறகு தள்ள ஆள் வேண்டாம் என்றார் முதலாளி கிருஷ்ணகுமார். ஆங்கிலத்தில் அடித்த தாள் ஒன்றை நீட்டினார்.

"இதொரு ஃபார்மாலிட்டிதான் சொரிமுத்து. பி.எஃப். வேகம் கிட்டும்."

சொரிமுத்து கையெழுத்துப் போட்டான்.

வேலை போனவர்களுக்கு இ.எஸ்.ஐ.யில் சில மாதம் பாதிச் சம்பளம் தருவார்கள் என்று கேள்விப்பட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனான். அங்கிருந்த மாளவிகா என்ற பெண் கம்ப்யூட்டரை இருமுறை பார்த்துவிட்டு, அவனை உட்காரச் சொன்னாள்.

"சேட்டா, சந்தா எல்லாம் சரியா அடைச்சிருக்கு. பட்சே, வேலையை விட்டு அனுப்பினவங்களுக்குத்தான் இந்த உதவி. நீங்க தானா வேலையை விட்டதா, ராஜி வெச்சதா இதில இருக்கே."

"நான் எங்க விட்டேன்? அவருல்லா போகச் சொன்னாரு."

குற்றம் செய்து நீக்கப்பட்டவர்களுக்கும், வயதாகி ஓய்வு பெற்றவர்களுக்கும்கூட இது கிடையாது என்று அவள் தணிந்த குரலில் விளக்கினாள். உண்மைக் காரணத்தை முதலாளி எழுதித் தந்தால் திரும்ப வரலாம் என்றாள். முதலாளி தரவில்லை.

செண்பகவல்லிக்கு ஆற்றாமை. "யார்ட்டயாவது வாசிச்சுக் கேட்டுட்டுப் போட்டிருக்கப்பிடாதா? ஒரு வார்த்தை கேக்க வாயில்லியா உங்களுக்கு?" என்றாள். அவன் மறுநாள் கூலிக்கு ஆள் எடுக்கும் முக்கில் போய் நின்று, யாரோ கட்டும் வீட்டுக்குச் சாரம் கட்டப் போனான். உயரத்துக்குப் பழகாத கால். விழுந்தவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்கும் முன்பே எல்லாம் முடிந்திருந்தது.

அவன்மேல் போர்த்தியிருந்த விரிப்பின் ஓரத்தில் லாண்டரியின் நீலக் குறி இருந்தது. செண்பகவல்லி அந்த ஓரத்தையே தடவிக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. அவனிடம் கடைசியாகப் பேசியது அந்த ஏச்சுத்தான் என்பது மட்டும் திரும்பத் திரும்ப நெஞ்சில் இடித்தது.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து மீண்டும் உருளைக்கு முன் வந்து நின்றாள். கார்த்திகையில் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார். லாண்டரியை மூடப்போவதாகவும், இடத்தை வாங்க ஆள் வந்துவிட்டதாகவும் சொன்னார். மேஜைமேல், சொரிமுத்துவிடம் நீட்டியது போன்ற ஆங்கிலத் தாள்கள் இருந்தன. முதலில் மீரா. வயிற்றில் ஆறு மாதம் அவளுக்கு. பேனாவை எடுத்துவிட்டாள்.

"போடாதே மீரா," என்றாள் செண்பகவல்லி. பிறகு முதலாளியிடம் திரும்பினாள். "மூடுறது நீங்க. நாங்களா விலகுறோம்னு ஏன் எழுதணும்? நீங்க அனுப்புறீங்கன்னு எழுதித் தாங்க."

"செண்பகம், சொரிமுத்து எனக்குத் தம்பி மாதிரி..."

"தம்பிட்ட யாரும் அப்படி எழுதி வாங்க மாட்டாங்க, முதலாளி."

அவர் முகம் சிவந்தது. கையெழுத்துப் போடாதவர்களுக்குக் கணக்குத் தீர்க்க முடியாது, எங்கே போய் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார்.

மீரா பேனாவை மேஜையில் வைத்தாள். துணி பிரிக்கும் சரஸ்வதியம்மாள், மூட்டு வலியோடு மெல்லக் குனிந்து வாசலை மறித்துத் தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் வண்டி ஓட்டும் பூதலிங்கம். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும். வெளியே, விரிப்பு எடுக்க வந்த ஆஸ்பத்திரி வண்டி ஹாரன் அடித்தது. யாரும் எழவில்லை. நாளைக் காலை லேபர் ஆபீசுக்கு ஒன்றாகப் போவதென்று பூதலிங்கம் சொன்னான். என்ன கிடைக்கும், கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் விடாமல் தலையசைத்தார்கள்.

"அவரு தானா போகல்ல," என்றாள் செண்பகவல்லி, யாரிடமென்று இல்லாமல்.

"தெரியும் அக்கா. நாளைக்கு அதையும் சொல்லுவோம்," என்றாள் மீரா.

அப்போதுதான் செண்பகவல்லிக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் வராத அழுகை. இருபுறமும் இருந்தவர்கள் நெருங்கி உட்கார்ந்து அவளைச் சாய்த்துக்கொண்டார்கள்.