வளைவுக்கு மேலே எடுத்த காட்சி

விசாரணை அறையின் ஜன்னலைத் திறக்க முடியாது. ஏசி வைத்தபோது ஆணி அடித்து மூடினார்கள். ஏசி பழுதான பிறகு ஆணியைப் பிடுங்க யாருக்கும் கை வரவில்லை. உள்ளே நாங்கள் வெந்துகொண்டிருந்தோம். சுவரில் என் படம் ஓடியது. நான் எடுத்த படத்தை நானே பார்க்கச் சகிக்காமல் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

படத்தில் என் அக்கா வாய்க்கால் ஓரம் குந்தி, புட்டியில் தண்ணீர் பிடிக்கிறாள். அக்கா அரசுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். சாயப்பட்டறைக் கழிவில் ஈயம் இருக்கிறது என்று அறிக்கை எழுதியவள் அவள்தான். அங்கே துணி அலசும் பெண்களைப் பற்றிய என் ஆவணப்படத்துக்கு அந்த அறிக்கைதான் முதுகெலும்பு. அது செல்லாது என்று பட்டறை கொடுத்த புகாருக்குத்தான் இந்த விசாரணை.

பட்டறையின் வக்கீல் படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, விசாரணை அதிகாரி பக்கம் திரும்பினார்.

"பின்னாடி தெரியுற மதகைப் பாருங்க மேடம். அது வாய்க்கால் வளைவுக்கு மேல, தண்ணி வர்ற பக்கம் இருக்கு. எங்க கழிவு கலக்குறது வளைவுக்குக் கீழ. மேல எடுத்த தண்ணியில ஈயம் இருந்தா அதுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு?"

பாவி மனுஷன் சொன்னது அத்தனையும் சரி. அக்கா நிஜமாகத் தண்ணீர் பிடித்தது வளைவுக்குக் கீழே, பட்டறைக் குழாயின் வாயில். எங்கள் வண்டி பஞ்சராகி நாங்கள் போய்ச் சேருவதற்குள் அவள் புட்டிகளை மூடி, தேதி ஒட்டி, பெட்டியில் அடுக்கிவிட்டாள். காட்சி இல்லாமல் படம் எப்படி? சும்மா ஒரு தடவை பிடித்துக் காட்டச் சொன்னேன். குழாய்ப் பக்கம் வெளிச்சம் போதவில்லை என்று ஒளிப்பதிவாளர் முகத்தைச் சுளிக்க, வளைவுக்கு மேலே போனோம்.

"இது அந்த இடம் இல்லடி" என்றாள் அக்கா.

"பாக்குறவங்களுக்கு எல்லாம் தண்ணிதான்க்கா" என்றேன். அந்த நாக்கில் சூடு போட்டால்கூடத் தகும்.

அக்காவின் குறிப்பேட்டில் இடம் ஒழுங்காக எழுதியிருக்கிறது. "எழுதினது இவங்க கைதானே" என்று வக்கீல் அதை ஒதுக்கிவிட்டார். மறுபடி தண்ணீர் பிடித்துச் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. அறிக்கை வெளிவந்த மறுநாளே குழாயில் பளிங்கு மாதிரித் தண்ணீர் விட ஆரம்பித்துவிட்டார்கள். இன்றைக்கு அறிக்கை விழுந்தால் அக்காவின் வேலையும் விழும். நான் உண்மையைச் சொன்னால் படம் விழும். நடித்துக் காட்டிய காட்சி ஒன்றுகூட இல்லை என்று தொலைக்காட்சிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பு.

"நீ வாயத் திறக்காத. படமாவது வரட்டும்" என்று அக்கா காதில் சொன்னாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. சின்ன வயதில் நான் உடைத்த சாமானுக்கெல்லாம் இவள்தான் அடி வாங்கினாள். எழுந்துவிட்டேன்.

"மேடம், அது படத்துக்காக அப்புறமா எடுத்தது. பரிசோதனைக்குப் போன தண்ணி அது இல்ல. தப்பு என்னோடது."

விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "நிஜமா எடுத்தப்போ பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?"

"நான் பார்த்தேன்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். நீலக்கை. முழங்கை வரை சாயம் ஊறிப்போனதால் பட்டறையில் அவளுக்கு அந்தப் பெயர். அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். "குழாய்லதான் புடிச்சாங்க. பக்கத்துல நின்னு துணி அலசிட்டிருந்தேன்."

எனக்கு உயிர் வந்தது. அது முழுசாக ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை.

"இவங்க உங்க படத்துல அழுறவங்கதானே?" வக்கீல் என் பக்கம் திரும்பினார். "வயித்துலயே போன குழந்தையப் பத்திப் பேசுவாங்களே. அதை எத்தனை தடவை எடுத்தீங்க?"

முதல் தடவை நடுவில் லாரி ஹாரன். இரண்டாவது தடவை முகம் தெளிவாக விழவில்லை.

"மூணு தடவை."

"மூணு தடவையும் அழுதாங்களா?"

"அழுதாங்க."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் அவருக்கு வேலை இல்லை. அதிகாரி நீலக்கையிடம் மெதுவாகத்தான் கேட்டார்: "ஏம்மா, மூணு தடவையும் நிஜமாவே அழுதீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதவள் என்பதால்தானே அவளைத் தேடிப் பிடித்துப் படத்தில் பேச வைத்தேன்.

"மொதல்ல புள்ளைய நெனச்சு அழுதேன் மேடம். ரெண்டாவது, படம் புடிக்கிற இந்தத் தங்கச்சி கேட்டுச்சேன்னு அழுதேன். மூணாவது... எப்ப விடுவாங்கன்னு அழுதேன்."

இவர் சொல்லிக்கொடுத்தபடி நடப்பவர், இவர் சாட்சியம் ஏற்கத்தக்கதல்ல என்று அதிகாரி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். அக்காவின் அறிக்கை தள்ளுபடி ஆனது. அக்கா தன் குறிப்பேட்டை எடுத்துப் பைக்குள் வைக்கப் பார்த்தாள். அதையும் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள்.

நீலக்கை என் பக்கத்தில் வந்து நின்றாள். சாயம் ஏறிய விரல்களைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"உங்கக்கா வேலை என் வாயாலயா போச்சு தங்கச்சி?"

"இல்லைங்க. என்னாலதான்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை நம்பவில்லை.